எழுதின மார்க் மட்டும்

“தகுதிக்கு மதிப்பு இல்லை. அப்பிடித்தான் ஆரம்பிக்கணும். பெரிய எழுத்துல அடிங்க, டைப்பம்மா.”

குழந்தைவேல் உட்காரக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

நெய்வேலி மெயின் பஜாரில் மனு அடிக்க வேண்டுமென்றால் ஜானகியம்மாள் கடைதான். டைப் மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்து வருஷம் பல ஆகியும் டைப்பம்மா என்ற பேர் போகவில்லை.

“யாருக்கு மனு?”

“கம்பெனிக்குத்தான். நேத்து லிஸ்ட் ஒட்டினாங்களே, பாக்கல? சர்க்கார் கம்பெனி, பெர்மனன்ட் வேலை, இருபது பேரு. எம் பையன் அறிவழகன் வெயிட்டிங் லிஸ்ட்ல மொத ஆளு. மேல ஒரு ஆளு கழண்டா இவன் உள்ள.”

“யாரைக் கழட்டணும்?”

“எழில்மதி. நம்ம தனகோட்டி மவ.”

தனகோட்டி, குழந்தைவேலின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சுரங்கத்துக்கு நிலம் போனது. அன்றோடு இவருக்கு நிலம் இல்லை, அவருக்கு வேலை இல்லை. இப்போது இரண்டு பேரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி.

“அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கும்னு சொல்வாங்களே.”

“படிச்சுக் கிழிச்சா. எல்லாம் கோட்டா, டைப்பம்மா. எம் பையன் பத்து மாசம் கோச்சிங் போய்கினு இருந்தான். அவ சாதி சர்டிபிகேட்டை நீட்டினா, உள்ள பூந்துட்டா.”

“கதை வேண்டாம்ணே. என்ன கேக்கறீங்க, அதைச் சொல்லுங்க.”

“சலுகை கிலுகை எதுவும் கூடாது. எழுதின மார்க்கை மட்டும்தான் பாக்கணும். அவ்ளோதான்.”

அடித்தாயிற்று. “லிஸ்ட்டைக் கொடுங்க. கூட இணைக்கணும்.”

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் வந்தது. ஜானகியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார்.

“அந்தப் பொண்ணு பேருக்கு நேரா பொதுன்னு போட்டிருக்கே.”

“பொதுவா? அதுல அவ எப்பிடி வருவா?”

“மார்க் இருந்தா யாரும் வரலாம். எழுபத்திரண்டு எடுத்திருக்கு. சலுகைக் கட்டத்துல வெறும் கோடு.”

குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். “எம் பையன் எழுபத்தொண்ணு. ஒரே ஒரு மார்க்கு. அதாங்க வயிறு எரியுது.”

“எழுபத்தொண்ணு கூட்டுத்தொகை. எழுதினது அம்பத்தொண்ணு. மிச்சம் இருபது, நிலம் கொடுத்த குடும்பம்னு சேத்தது.”

“அது சலுகை இல்லீங்க. அது வேற.”

“ஓபிசின்னும் போட்டிருக்கு.”

“அது எல்லாரும் குடுக்கற சர்டிபிகேட்டு. அதுவும் வேற.”

“வேறயாவே இருக்கட்டும். இந்த மனு ஜெயிச்சா ரெண்டும் போகும். அம்பத்தொண்ணுல நின்னா உங்க பையனுக்கு முன்னால எத்தனை பேருன்னு எண்ணட்டுமா?”

“வேணாம்.”

இப்போதுதான் உட்கார்ந்தார். சலுகை கூடாதென்றால் மகன் போகிறான். இருக்கட்டுமென்றால் அந்தப் பெண் அசைவதாக இல்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் கை சுடுகிறது. வந்தபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

“என்ன செய்யலாம், பிரின்ட் எடுக்கவா?” என்றார் ஜானகியம்மாள். வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“இருங்க, இருங்க.” குழந்தைவேல் விரல் விட்டு ஏதோ கூட்டினார். முகம் தெளிந்தது. “அந்த வரியை அழிச்சிடுங்க. இப்பிடிப் போடுங்க. மார்க்கை மட்டும் பாத்தா என்னங்க நியாயம்? குடும்பம் பட்ட பாட்டையும் பாக்கணும். இருபது பத்தாது. இருபத்தஞ்சாக் குடுக்கணும்.”

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. “அதுக்குப் புதுசா எதுக்கு அடிக்கணும்? ஆறு வருஷம் முன்னால இருபது மார்க் கேட்டுப் போன மனு இங்க அடிச்சதுதான். காப்பி இருக்கு. இருபதை இருபத்தஞ்சா மாத்தினாப் போதும்.”

“ஆமாமா. நானும் கையெழுத்துப் போட்டேனே. வூட்டுக்கே கொண்ணாந்து நீட்டினாங்க. கடைசிப் பக்கத்துல போட்டேன்.”

“முதல் பக்கம் பாக்கலையா?”

“அதை யாரு பாத்தா.”

பீரோவைத் திறந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டார் ஜானகியம்மாள். “கையெழுத்துப் போட்டா போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து அன்னிக்கு ஊரே வெளியில நின்னுது. யாரு மொதல்ல போடறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு. ஒரே ஒரு ஆளுதான் உள்ள வந்து பேனாவைக் கேட்டாரு.”

முதல் பக்கத்தில் மூன்று கட்டம். பெயர், கொடுத்த நிலம், கையெழுத்து. குழந்தைவேல் முதல் வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பெயர்: தனகோட்டி. கொடுத்த நிலம்: இல்லை.