குடிக்காம விடமாட்டேன்

முதல் வெட்டிலேயே தோல் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இரண்டாவது வெட்டுக்கு மாணிக்கவேல் கொடுவாளை இரண்டு கையாலும் ஓங்கினான்.

"ஐயையோ, யாராச்சும் புடிங்கப்பா! வண்டி மேல இன்னா கோவம் அந்தாளுக்கு?"

சின்ன காஞ்சிபுரத்துத் தெருவே கூடிவிட்டது. வெட்டுப்பட்டது வீரபத்திரனின் பைக் சீட். ஆள் வீட்டுக்குள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பதுங்கியிருந்தான், கைக்குக் கிடைத்தது வண்டிதான். அடுத்த வெட்டில் மட்கார்டும் அதில் ஒட்டியிருந்த 'ரத்த தானம் செய்வோம்' ஸ்டிக்கரும் பிளந்தன.

"வெளிய வாடா, துரோகி! உன் ரத்தத்தைக் குடிக்காம விடமாட்டேன்டா!"

துரோகம் இதுதான். மாணிக்கவேலின் பட்டுத் தறியில் கூட உட்கார்ந்து கரை போட்டவன் வீரபத்திரன். புடவையோடு கரையைச் சேர்க்க வந்தவன், முதலாளியின் தங்கை கலையரசியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போய்த் தாலி கட்டிவிட்டான்.

அன்றிலிருந்து மாணிக்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை நினைத்தாலே மண்டை வெடிக்கும், வெறும் வயிற்றில் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வான்.

"வயித்துல புண்ணு இருக்குதுப்பா. கோவத்தை விடு, இல்லன்னா அது உன்னை விடாது" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? இன்றைக்கும் மனைவி பொன்னி வாசலில் மறித்தாள். "அவன் செத்தா எல்லா வியாதியும் போயிடும்" என்று அவளைத் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

கதவு திறந்தது. கலையரசி உள்ளே இழுக்க இழுக்க, வீரபத்திரன் வெளியே வந்தான்.

"மச்சான், எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்..."

"எவன்டா உனக்கு மச்சான்!"

கொடுவாள் தலைக்கு மேலே எழும்பியது. கலையரசி வீறிட்டாள். மறு நிமிஷம் வாசலெல்லாம் ரத்தம்.

"வெட்டிட்டான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

வெட்டவில்லை. கொடுவாள் நழுவி விழ, வாயிலிருந்து குபுகுபுவென்று ரத்தம் கக்கியபடி மாணிக்கவேல்தான் அந்த பைக்கின் மேலேயே சாய்ந்தான்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். கையில் ஊசி, தலைக்கு மேலே ரத்தப் பை தொங்கியது.

"வயித்துப் புண்ணு வெடிச்சிடுச்சுய்யா. உன் குரூப்பு ரத்தம் எங்க தேடியும் கெடைக்கல" என்று பொன்னி மூக்கைச் சிந்தினாள். "கடைசி நேரத்துல அந்தப் புண்ணியவான் மட்டும் வரலன்னா..."

மாணிக்கவேலுக்கு அது காதில் ஏறவில்லை. கால்மாட்டில் வீரபத்திரன் நின்றுகொண்டிருந்தான். பார்த்ததும் வயிறு மறுபடியும் பற்றி எரிந்தது.

"இங்கயும் வந்துட்டியாடா? உன்னைத் தொலைச்சிட்டுதான் சாவேன்!" எழுந்து பாய்வதற்காக, கையிலிருந்த ட்யூபைப் பிடுங்கப் போனான்.

வீரபத்திரன் ஓடிவந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கம்முனு படுங்க மச்சான். குடிக்காம விடமாட்டேன்னீங்களே, அதுதான் ஏறிக்கினு இருக்குது!"