பெரியவன் ஊர்க் காற்று

மாமனார் சின்ன மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வாயைத் திறந்தால் பெரியவன் ஊர்ப் புராணம்தான்.

"இதெல்லாம் ஒரு ஊராம்மா? புழுக்கமும் புகையும்! பெரியவன் ஊர்ல விடிஞ்சதும் சூடா காபி. பால்கனியில சாய்வு நாற்காலி. உக்காந்தா, காத்து ஆளையே தூக்கிட்டுப் போகும்."

சின்ன மருமகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காற்றுக்கு அவள் எங்கே போவாள்? மற்றதைச் செய்யலாமே! ஐந்தரைக்கே எழுந்து காபி போட்டாள். சனிக்கிழமை சாய்வு நாற்காலியும் வந்து இறங்கியது.

பெருமை தாங்காமல் ஓரகத்திக்குப் போன் போட்டாள். "அக்கா, உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே நாற்காலி வாங்கிட்டேன். மாமா இனிமே உங்க ஊரைப் பத்தி மூச்சு விட மாட்டார்!"

"எங்க ஊரையா? இங்க இருந்தவரைக்கும் கரிச்சுக் கொட்டினாரே! உன் ஊர்தான் சொர்க்கமாம். உன் பால்கனியில சாய்வு நாற்காலி இருக்குன்னு சொல்லிச் சொல்லித்தானே நாங்களே வாங்கினோம்!"

போனை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். மாமனார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும்?"

"நான் எந்த ஊர்ல இல்லையோ, அந்த ஊர்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடுத்த மாசம் அங்க போனதும், இங்க கால் நீட்ட ஒரு முக்காலி இருக்குன்னு சொல்லுங்க. அக்கா வாங்கட்டும்."

"தாராளமா சொல்றேன்" என்றவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஆனா திரும்பி வந்ததும், அந்த முக்காலியைப் பத்தி உன்கிட்ட பேசுவேனே, பரவாயில்லையா?"