சிவப்புக் கோட்டுக்குப் பெயர்

வரைபடத்தில் குறுக்கே கோடு போட ஒரு வரி நிரல் போதும். அதற்குப் பெயர் ஒட்ட புரோகிராமருக்கு மூன்று வாரம் பிடித்தது என்றால் நம்பித்தான் ஆகவேண்டும். நாளுக்கொன்றாக நீலப் புள்ளிகள் ஊர்ந்து ஏறின. மேலே சிவப்புக் கோடு அடிவானம் போல மிதந்தது.

"பேரை வலது ஓரத்துல எழுதட்டுமா?"

"வேணாங்க. முதலாளி ஏறி வர்றப்போ தலையில இடிக்கும்" என்றாள் மனைவி, சோபாவில் கண்மூடியபடி.

"நேத்து என்ன சொன்னார் முதலாளி?"

"என்ன சொல்வார்? நாள் முழுக்கத் தூக்கம். முழிச்சா கத்தல்."

"முதலாளின்னா அப்படித்தான். இன்னைக்காவது கோட்டைத் தாண்டுவாரா?"

புரோகிராமர் கோட்டின் பெயரை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். எழுத்துகள் மேகம் போல மெல்லப் போய் உட்கார்ந்தன.

போன் அடித்தது; மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். மருத்துவமனை நர்ஸ்.

"குறைமாசத்துல பிறந்தாலும் உங்க பையன் கெட்டிக்காரன்மா. இன்னைக்கு ரெண்டு கிலோ பத்து கிராம்."

அவர் இன்றைய எடையைத் தட்டினார். நீலப் புள்ளி தலையில் எதுவும் இடிக்காமல் கோட்டுக்கு மேலே போய் நின்றது.

கோட்டின் இடது ஓரத்தில் எழுதியிருந்தது: 'வீட்டுக்கு வரலாம்.'