கழுத்துவரை பெட்ரோல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு வேறொரு வண்டியின் இன்ஜினைப் பொருத்தி, புதுப் பெயிண்டும் அடித்தார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரும் அந்த இன்ஜினோடு வந்து சேர்ந்ததுதான். அன்றிலிருந்து கார் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். அப்புறம் திணறித் திணறி நின்றுவிடும்.

"நீ வர்ற வரைக்கும் இந்த வண்டி நின்னதே இல்ல," என்றது பெட்ரோல் டேங்க். அது காரோடு பிறந்தது.

மெக்கானிக் தவசி கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மறுபடியும் நின்றது. டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கழுத்துவரை பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கிளப்பினார். கார் கொஞ்ச தூரம் சுகமாக ஓடியது.

கார்புரேட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, உங்க மூடியில இருக்கிற காத்துத் துளையைப் பெயிண்ட் அடைச்சிருக்கு. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். ஒரு தடவை பலமா மூச்சை இழுங்க, அந்த இடத்துப் பெயிண்ட் உரிஞ்சிடும்."



"எல்லாரும் பார்க்கிற இடத்துல உரியச் சொல்றியா?" என்றது டேங்க்.

வண்டி மறுபடி நின்றபோது தவசிக்கு அலுத்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய சாமான் கூடையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கூடைக்குள் கிடந்த கார்புரேட்டருக்கு டேங்கின் குரல் கேட்டது. புதிதாக வந்ததிடம் அது சொல்லிக்கொண்டிருந்தது:

"நீ வர்ற வரைக்கும் இந்த வண்டி நின்னதே இல்ல."