கரை திரும்பிய நாள்

துறைமுகக் கணினியில், பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய படகுப் பதிவேட்டின் வாசலில் மாற்றி என்றொரு காவலாளி இருந்தது. வருகிற தேதிகளை எழுத்தாக்கி உள்ளே அனுப்பும். கேட்கும்போது தேதியாக்கித் திருப்பித் தரும்.

அன்று 'கரை திரும்பிய நாள்' கட்டத்திலிருந்து ஒரு வெற்றிடம் வந்தது.

"எழுத்தாக மாறு," என்றது மாற்றி.

"அண்ணே, நான் காலியாகவே போகிறேனே. அருளப்பன் படகு இன்னும் வரவில்லை. அவர் மனைவி செலஸ்தீனா தினமும் வந்து பார்க்கிறாள்."

"காலியாக இதுவரை யாரையும் விட்டதில்லை. உனக்கும் ஒரு சொல் தருகிறேன். பயப்படாதே தம்பி, சின்னச் சொல்தான்."

மறுநாள் காலை செலஸ்தீனா திரையைப் பார்த்தாள். 'கரை திரும்பிய நாள்: இல்லை.'

அவள் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள்.

கட்டத்துக்குள்ளிருந்த வெற்றிடம் அந்த மூன்று எழுத்தையும் விழுங்கிவிடப் பார்த்தது. நேற்றுவரை அங்கே ஒரு தேதிக்கு இடம் இருந்தது.