மேக்குக்கு வைரஸ் வராது

டிசைன் அறையில் இருந்த ஆறு மேக் கம்ப்யூட்டர்களின் திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. எல்லோரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். வந்தனா மட்டும் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

'உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன. திறக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள்' என்று திரைகளில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து மின்னியது. அதன் அடியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"யக்கா, நெட் வயரப் புடுங்கிரட்டா? பேக்கப் டிஸ்க்கு வேற மாட்டிக் கெடக்கு!" என்று பதறினாள் கலைச்செல்வி. டிசைனர்களில் அவள்தான் சுறுசுறுப்பு. அதற்குள் மேஜைக்கு அடியில் பாதி குனிந்துவிட்டாள்.

"வேண்டாம். யாரும் எதையும் தொடாதீங்கோ. நான் பாத்துக்கறேன்."

ஆபீஸில் கம்ப்யூட்டர் பொறுப்பு முழுவதும் வந்தனாவுடையது. அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கலைச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள்.

வந்தனாவின் நிதானத்துக்குக் காரணம் இருந்தது. இது அவளே ஏற்பாடு செய்த நாடகம்.

மும்பை செம்பூரில் அட்டைப்பெட்டிகளுக்கு டிசைன் செய்துகொடுக்கும் கம்பெனி அது. கணக்குப் பிரிவில் இருப்பதெல்லாம் விண்டோஸ்; எல்லாவற்றுக்கும் ஆன்டிவைரஸ் உண்டு. இந்த ஆறு மேக்குகள்தான் கேட்பாரற்றுக் கிடந்தன.

வந்தனா மேக்குக்கென்றே உள்ள மூன்று ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர்களை ட்ரையலில் போட்டுப் பார்த்தாள். ஒன்று மேக்கை நத்தையாக்கியது. இன்னொன்று பழைய மேக்கில் ஏறவே மாட்டேன் என்றது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. முதலாளி ஜம்புதான் மசியவில்லை.

"மேக்குக்கு வைரஸ் வராதும்மா. அப்படியே பயமா இருந்தா, அக்கவுண்ட்ஸ்ல போட்டிருக்கோமே, அதையே இதுலயும் போட்டுடேன்."

"அது விண்டோஸுக்கு மட்டுந்தான் சார்."

"அப்போ விடு."

பேசிப் பேசி அலுத்துப்போய், சர்வீஸ் இன்ஜினியர் நகுலைக் கூட்டுச் சேர்த்தாள். வாஷியில் தன் வீட்டில் இருந்தபடியே அவன் ஆறு மேக்கிலும் ஒரு மிரட்டல் படத்தை மட்டும் போட வேண்டும். ஜம்புவுக்குக் கொஞ்சம் வியர்த்ததும் அதை எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம். ஓடுகிற கடிகாரம் அவள் சொல்லாதது. நகுல் தன் கைவரிசையையும் காட்டிவிட்டான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கேபின் கதவு படாரென்று திறந்தது. ஜம்பு செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? மருந்துக் கம்பெனி டிசைன் சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகணுமே!"

"மேக்குக்கும் வரும்னு சொல்லிண்டே இருந்தேனே சார்."

அவருடைய கண்கள் அறையைச் சுற்றி வந்து மூலை மேக்கில் வேலை செய்யும் பையன் மேல் நின்றன.

"தௌசீப்! நேத்து பென் டிரைவ் கொண்டுவந்து சொருகினது நீதானே? பையை எடுத்துண்டு கிளம்பு!"

"அல்லா சத்தியமா சார், அதுல எங்க தங்கச்சி நிக்காஹ் கார்டு மட்டுந்தான் இருந்துச்சு. பிரின்ட் எடுக்கத்தான்..." தௌசீப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

இதை வந்தனா எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும்.

"அவன் மேல தப்பில்ல சார்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாஸை இப்போதுதான் மேஜையில் வைத்தாள்.

"பென் டிரைவ்ல வந்திருந்தா அவன் மிஷினோட போயிருக்கும். ஆறும் ஒண்ணா போகாது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அவனை அனுப்பறதா இருந்தா நானும் போயிடறேன் சார்."

ஜம்பு பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கைக்குட்டை எடுக்கக்கூடத் தோன்றாமல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, யாரும் எங்கயும் போக வேண்டாம். நீ கேட்டியே, அந்த சாஃப்ட்வேரையே வாங்கு. இப்பவே ஆர்டர் போடு." அவர் குரல் உடைந்தது. "கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து போட்ட டிசைன் அத்தனையும் இதுலதான் இருக்கு. திரும்பக் கிடைக்குமாம்மா?"

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கிடைக்கும் சார். ஒரு ஃபைல்கூடப் போகாது. கொஞ்சம் பொறுங்கோ."

தௌசீப்பைப் பார்த்து உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தபடி வராந்தாவுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நகுலைக் கூப்பிட்டாள்.

"நகுல், போதும்ப்பா. சார் ஒத்துண்டாச்சு. படத்தை எடுத்துடு."

மறுமுனையில் நகுல் இழுத்து இழுத்துப் பேசினான்.

"சாரி மேடம். வாஷில காலைலேர்ந்து லைட் இல்ல. லேப்டாப்பும் செத்துப்போச்சு. இப்போ வந்துடும், இப்போ வந்துடும்னு பாத்துட்டே இருந்துட்டேன்."

"அதனால?"

"நான் இன்னும் எதையும் போடவே இல்ல மேடம்."