முள்ளைக் கேட்ட ஆடு

மழை பொய்த்த வருஷம். பொட்டல்காட்டில் பச்சையாய் நின்றது சப்பாத்திக்கள்ளி மட்டும்தான். பசியோடு வந்த வெள்ளாடு அதைச் சுற்றிச்சுற்றி வந்தது.

"அக்கா, இந்த முள்ளை மட்டும் உதிர்த்துட்டா ஊரே உன்னைக் கொண்டாடும்" என்று குழைந்தது.

கள்ளிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிவந்த பழம் ஒன்றைக் கீழே போட்டது. "மணல்ல நல்லா உருட்டு, சுணை போயிடும். அப்புறம் தின்னு."

ஆடு உருட்டித் தின்றது. வாயெல்லாம் சிவப்பு. "பழம் தேன்தான். முள்ளு எப்ப உதிரும்?"

"என் பக்கத்துல ஒரு பண்ணைக்கீரை இருந்தாளே, முள்ளே இல்லாத நல்லவ. அவ எங்கடா?"

ஆடு வாயை நக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

"பசிச்சா வா, பழம் தர்றேன்" என்றது கள்ளி. "முள்ளு என்னோடது."